தலைவர் வீட்டுக் குசினிப் பைப்

முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவிருந்த ஆண்டுகள் உண்டு. தலைவர்களுக்குக் குறைவிருந்த ஆண்டு இல்லை. காடு வெட்டிக் குடியேறியவர்கள் முதலில் கொட்டில் போட்டார்கள், பிறகு கிணறு வெட்டினார்கள், அதற்குப் பிறகு சங்கம் அமைத்தார்கள். கொட்டிலுக்குக் கூரை வேய்ந்து முடிக்காதவனும் ஏதோவொரு சங்கத்தில் உபதலைவராக இருந்தான். கிராம முன்னேற்றச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பிள்ளையார் கோயில் சபை, மரண உதவிச் சங்கம் என்று இருந்தவற்றில் கடைசியானதில் மட்டும் பதவிக்குப் போட்டி கொஞ்சம் குறைவு.

இத்தனை தலைவர்களுக்குள்ளும் வெறுமனே ‘தலைவர்’ என்றால் அது ஏரம்பரைத்தான் குறிக்கும். யாழ்ப்பாணத்து வேலணையிலிருந்து வந்தவர். கிராம முன்னேற்றச் சங்கத்துக்குத் தொடங்கிய நாள் முதல் அவர்தான் தலைவர். வேறொருவர் பெயரைப் பிரேரிக்க நினைத்தவர்களும், அதற்கு அவர் பேசக்கூடிய பதிலுரையை நினைத்து அடங்கிவிட்டார்கள். வரம்பு கட்டப் போகும்போதும் தோளில் சால்வை இருக்கும். பக்கத்துக் காணி ஐயாத்துரை அவரோடு ஒரே லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தவர். தலைவரின் புகழைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தலைவர் ஏரில் மாடு பூட்டும்போது மாடுகளுக்கு வரவேற்புரை சொல்லித்தான் பூட்டுவார் என்பது ஐயாத்துரை சொன்ன கதைதான்.

அந்த அறுபதுகளின் நடுப்பகுதியை நினைத்தால் காதுக்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. விடியற்காலையில் ஒவ்வொரு கிணற்றடியிலும் கப்பி கீச்சிடும். எந்தக் கப்பி யாருடையது என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லலாம். பொழுது ஏற, மண்ணெண்ணெய் ஊற்றி ஓடுகிற தண்ணீர் மிசின்கள் மிளகாய்த் தோட்டங்களில் டக்டக்கென்று தொடங்கும். அந்தப் புகையின் மணத்தோடு புட்டு அவிகிற மணமும் வரும். இரண்டும் சேர்ந்துதான் எங்களுக்குக் காலை. இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் மணந்தால் எனக்குப் பசிக்கிறது.

ஏரம்பருக்கும் ஒரு மிசின் இருந்தது. மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்கிற மிசினால் வீட்டுக்கு ஏன் இறைக்கக் கூடாது என்று அவருக்கு ஒருநாள் தோன்றியது. அரசாங்கம் தந்த இரண்டறை வீட்டின் பின்னால் அவர் புதிதாகச் சமைக்க ஒரு குசினி, ஒரு படுக்கையறை, ஒரு சாமியறை என்று இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கிணற்றடியில் நாலு தூண் எழுப்பி அதன்மேல் தொட்டி கட்டினார். தொட்டியிலிருந்து பைப் நிலத்துக்குக் கீழால் வந்து குசினியில் ஏறவேண்டும். கழுவின தண்ணீர் இன்னொரு குழாயால் நிலத்துக்குக் கீழாலேயே பின்வளவு வாழைக்குப் போகவேண்டும். பைப்புகளைக் கிடத்திவிட்டு அதற்கு மேலே முழுவதும் கொங்கிறீற். ஒரு சாண் தடிப்பு. ஊரே நின்று சல்லி சுமந்தது, நாங்களும் சுமந்தோம். காய்ந்தபிறகு சிவப்புச் சாயம் கலந்த சீமெந்து பூசி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கினார்கள். ஆயிரம் வருசம் நிற்கும் என்று தலைவர் அறிவித்தார். அவர் ஆயிரம் என்றால் நாங்கள் ஐம்பது என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

பைப்பை எங்கே வைப்பது என்பதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. முன்வாசலைத் திறந்தால் விறாந்தை, அதற்கு நேரே கூடம், அதற்கு நேரே குசினி, குசினியின் பின்சுவர். அந்தப் பின்சுவரில், வாசலுக்கு நேர் எதிரே பைப் வைக்கப்பட்டது. றோட்டால் போகிறவர் தலையைத் திருப்பினால் பித்தளை மினுங்குவது தெரியும். அதன் கீழே நெஞ்சளவு உயரத்தில் ஒரு சீமெந்துக் கழுவுதொட்டி, யாரோ ஓவசியரின் பங்களாவில் கண்டதுபோல. தொட்டிக்கும் பைப்புக்கும் இடையில் ஒரு பேணி பிடிக்கலாம், குடம் பிடிக்காது. கிணற்றடித் தொட்டியின் அடியிலும் ஒரு பைப் போட்டால் உதவியாக இருக்குமே என்று ஐயாத்துரை சொல்லிப் பார்த்தார். வீட்டுக்குள் தண்ணீர் வருகிற ஒரே வீடு என்ற பெருமை அதனால் குறைந்துவிடும் என்று தலைவர் மறுத்துவிட்டார்.

பைப்புக்குத் திறப்பு விழா நடந்தது. பிரிவு அதிகாரி டி.ஆர்.ஓ. வருவதாக இருந்து, அவருக்குக் காய்ச்சல் வந்து, கிராமத்து அதிகாரி விதானையார் வந்தார். கத்தரிக்கோல் அகப்படாமல் நாடாவைப் பாக்குவெட்டியால் வெட்டினார்கள். தலைவர் நீர் என்பதைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். பைப் திறந்ததும் முதலில் இருமியது, பிறகு துரு நிறத்தில் துப்பியது, அதில் ஒரு பகுதி விதானையாரின் வேட்டிக்குப் போனது, பிறகுதான் தெளிந்தது. எல்லோரும் கைதட்டினோம். விதானையாரும் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தொடையில் தட்டினார்.

அன்று பின்னேரம் தலைவரின் மனைவி நாகேஸ்வரியக்கா குளத்து ஜப்பான் மீனைச் சட்டியில் எடுத்துக்கொண்டு அந்தக் குசினிக்குள் போனார். சட்டியைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டு, இதற்குள் ஊற்றுகிற தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று கேட்டார். தலைவர் மகிழ்ச்சியோடு விளக்கினார். சுவருக்குள்ளால் இறங்கி, பின்னாலுள்ள சாமியறைக்குக் கீழால் நூல் பிடித்தமாதிரி நேரே போய் வாழையடியில் விழுகிறது.

“மீன் கழுவின தண்ணி பிள்ளையாருக்குக் கீழாலையோ போகுது?”

அவ்வளவுதான் கேட்டார். சட்டியைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கோடியில் நின்ற பழைய மண் குசினிக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள எங்கள் சனத்தை விளங்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது நாங்கள் தளபாடத்தைக் குறைத்தாலும் ஆசாரத்தைக் குறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் மச்சம் இல்லை. மற்ற நாளில் மச்சம் இல்லாமல் சோறு இல்லை. இரண்டுக்கும் சட்டி வேறு, அகப்பை வேறு. இப்படிப்பட்ட வீட்டில், முதல்நாள் ஐயரைக் கூப்பிட்டுக் குடிவைத்த பிள்ளையாருக்குக் கீழால் மீன் தண்ணீர் போகும்படி ஒரு சைவர் பைப் போட்டாரென்றால், அவர் பைப்பை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் பொருள்.

பிள்ளையாரை வேறு அறைக்கு மாற்றலாமே என்று தலைவர் ஒரு யோசனை சொன்னார். அதற்கு நாகேஸ்வரியக்கா சொன்ன பதில் வேலிக்கு அங்காலும் கேட்டது. “இருத்தின பிள்ளையாரை எழுப்பேலாது. வேணுமெண்டால் நீங்கள் எழும்பிப் போங்கோ.”

தலைவர் எழும்பவில்லை, பைப்பும் அசையவில்லை. மாசியில் திறந்த குசினியில் வைகாசி முடிந்தும் அடுப்பு மூளவில்லை. வருகிறவர்களுக்குத் தலைவர் பைப்பைத் திறந்து காட்டுவார், ஒரு பேணி தண்ணீர் பிடித்துக் குடிக்கக் கொடுப்பார். அதே நேரத்தில் கோடியில் நாகேஸ்வரியக்கா கிணற்றில் அள்ளின தண்ணீரில் அரிசி கழுவிக்கொண்டிருப்பார். கப்பி கீச்சிடுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்காமலிருக்கத் தலைவர் உரத்துக் கதைப்பார். ஒருதரம் கப்பிக்குத் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார் என்றும் சொல்கிறார்கள்.

ஆனியில் நாகேஸ்வரியக்காவின் வலது தோள் பிடித்துக்கொண்டது. கயிற்றை இழுக்கக் கையை உயர்த்தினால் முகம் கறுத்துவிடும். ஒட்டுசுட்டான் பரியாரியார் எண்ணெய் கொடுத்து, இனிக் கிணற்றில் அள்ளவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அள்ளாவிட்டால் சமையல் எப்படி? ஐயாத்துரையின் மனைவி அன்னபாக்கியம் காலையும் பின்னேரமும் தங்கள் கிணற்றிலிருந்து இடுப்பில் குடம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். பைப் உள்ள வீட்டுக்குப் பைப் இல்லாத வீட்டிலிருந்து தண்ணீர் போயிற்று. அதுவும் றோட்டால் போயிற்று. வேலியில் ஆள் புகுந்து வரப் பொட்டு இருந்தும் அன்னபாக்கியம் ஏனோ றோட்டைத்தான் தெரிவு செய்தார்.

நாகேஸ்வரியக்காவுக்கு அது பிடிக்கவில்லை. பிறத்தியார் அள்ளின தண்ணீரில் எத்தனை நாளைக்குச் சமைப்பது என்று அவர் அன்னபாக்கியத்திடமே சொல்லி வருந்தினார். சமைக்க முடியாமல் போனால் வேலணைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய் இருந்துவிடவேண்டியதுதான், வேறு வழியில்லை என்றும் சொன்னார். வாய்க்கால் பக்கத்தில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் அது கோபித்துக்கொண்டு போவதல்ல. அந்தக் குடியேற்றத்தில் கை ஏலாமற்போன எத்தனையோ பேர் அப்படித்தான் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். போனவர்கள் திரும்பி வந்ததை நாங்கள் அதிகம் காணவில்லை. இது அன்னபாக்கியம் வழியாக ஐயாத்துரைக்கு வந்து, ஐயாத்துரை வழியாகத் தலைவருக்குப் போனது. அடுத்தநாள் தலைவர் மீன்காரனிடம் சொல்லி முள்ளிவாய்க்கால் மரியநேசனுக்கு ஆளனுப்பினார்.

மரியநேசன்தான் முதலில் பைப் போட்டவர். கடற்கரைப் பிள்ளை. தகப்பன் தமையன்மார் எல்லோரும் கரைவலைக்குப் போக, இவருக்குக் கடல் ஒத்துவராமல் சத்தி எடுத்து, திருகோணமலையில் வெள்ளைக்காரனின் நேவியில் பைப் வேலை பழகினவர். பழகினாரோ, பழகுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாரோ என்பதில் புதுக்குடியிருப்பில் இரண்டு கட்சி இருந்தது. கழுத்தில் அந்தோனியார் சுரூபம், சைக்கிள் கரியரில் சாக்குக்குள் வேலை ஆயுதங்கள், ஹாண்டிலில் பனையோலைப் பட்டைக்குள் ஓரா மீன். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் மீன் கொண்டுபோவார். வேலையில் வருகிற குறையை மீன் நிரவும் என்பது அவரது அனுபவம்.

அவர் வந்தது ஆவணியில். சிறுபோகம் வெட்டி முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. சோளகக் காற்று வாய்க்கால் தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து வீடுவீடாகக் கொடுத்தது. வயலில் வேலையில்லாத காலமாதலால், தலைவர் வீட்டில் நிலம் உடைக்கிறார்களாம் என்றதும் பார்க்க வராதவர்கள் குறைவு.

மரியநேசன் குசினிக்குள் நின்று சிவப்பு நிலத்தைப் பார்த்தார். அதில் அவருடைய முகம் தெரிந்தது. அது சந்தோசமான முகமாக இல்லை.

“உடைக்கத்தான் வேணுமோ, தலைவர்?”

“சாமியறைக்குள்ளை போக முதல் குழாயை வெட்டிப் பக்கத்தாலை திருப்பு. பைப் அந்தச் சுவரிலேயே இருக்கட்டும்.”

“ஆயிரம் வருசம் நிக்கோணும் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நானும் அப்பிடித்தான் போட்டனான்.”

“ஆயிரம் வருசம் நிக்கட்டும். ஒரு துண்டை உடைச்சுப்போட்டுத் திரும்பவும் நிக்கட்டும்.”

எந்தத் துண்டை என்பதில்தான் பிரச்சினை தொடங்கியது. தலைவர் ஊன்றுகோலால் ஓரிடத்தைத் தொட்டு, குழாய் இதற்குக் கீழேதான் என்றார். கொங்கிறீற் போட்ட அன்று தான் அந்த இடத்தில்தான் நின்று மேற்பார்வை செய்ததாக ஆதாரமும் சொன்னார். மரியநேசன் மறுக்கவில்லை, அது விசித்திரமாக இருந்தது, ஏனென்றால் அவர் எதையும் மறுக்கிறவர். இரும்பு அலவாங்கை ஓங்கிப் போட்டார். ஆயிரம் வருசத்துக் கொங்கிறீற் அலவாங்கைத் திருப்பி அனுப்பியது. மத்தியானம்வரை இடித்து வாய்க்கால்போல நீளமாக உடைத்தபோது உள்ளே செம்மண் இருந்தது, ஒரு செத்த பூரான் இருந்தது, குழாய் இல்லை.

மத்தியானச் சாப்பாடு மண் குசினியில். நாகேஸ்வரியக்கா இடக்கையால் அகப்பை பிடித்துக் குத்தரிசிச் சோறும் முருங்கையிலை வறையும் மரியநேசன் கொண்டுவந்த ஓராவில் ஒரு குழம்பும் வைத்திருந்தார். மீனை வெட்டிக் கொடுத்தது அன்னபாக்கியம். மரியநேசன் தலைகுனிந்து சாப்பிட்டார். நேவிக் கதை ஒன்றும் வரவில்லை. காரம் கூடிப்போச்சோ தம்பி என்று நாகேஸ்வரியக்கா கேட்டதற்கும், இல்லை அக்கா, நல்ல கறி என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் மரியநேசன் தன் எண்ணத்துக்கு இன்னொரு இடத்தில் இடித்தார். அங்கே பூரானும் இல்லை. மறுநாள் காலையில் சிவப்பு நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தோண்டின இரண்டு கிடங்கு. எல்லா இடத்திலும் சல்லி, தூள். ஐயாத்துரை வாசற்படியில் குந்தியிருந்து வெற்றிலையைச் சப்பிக்கொண்டு பார்த்தார்.

“தலைவர், காலபோகத்துக்கு உள்ளுக்கையும் உழுதாச்சோ? என்ன விதைக்கப் போறியள், மொட்டைக்கறுப்பன் நெல்லோ?”

தலைவர் அதைக் கேட்காதவர்போல் மரியநேசனிடம், இனி ஒழுங்காகக் கழுவுதொட்டிக்கு நேர் கீழே உடைக்கும்படி சொன்னார். குழாய் சுவருக்குள்ளால் இறங்குகிறது, இறங்கினதும் சாமியறைக்குள் போகிறது, ஆகவே அங்கேதான் இருந்தாகவேண்டும். இதை முதல்நாளே செய்திருக்கலாம். அந்த இடம் வாசலிலிருந்து தெரிகிற இடமாதலால் தலைவருக்கு மனமில்லை. மரியநேசனுக்கு ஏன் மனமில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

“அது சாமிச் சுவர், தலைவர். எனக்கு அந்தோனியாரோடை சேத்து இவரையும் தெரியும். நான் ஒருத்தரோடையும் கொழுவ விரும்பேல்லை.”

“பிள்ளையார் கோவிக்கமாட்டார். நான் சொல்லுறன்.”

தலைவர் பிள்ளையார் சார்பில் பேசியதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவர் கோயில் சபையிலும் இருந்தார். மரியநேசன் சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலவாங்கைப் போட்டார். கொங்கிறீற் பிளந்து பெரிய துண்டாகக் கிளம்பியது. அடுத்த அடி மண்ணிலும் விழவில்லை, குழாயிலும் விழவில்லை. இரும்பில் விழுந்ததுபோலச் சத்தம் கேட்டது.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். நிலமட்டத்துக்கு வெட்டிவிட்ட ஒரு பாலைமரக் கட்டை. வட்டமாக, ஒரு மாட்டுவண்டிச் சில்லளவு. காடு வெட்டி எரித்தபோது கருகின கறுப்பு இன்னும் அதில் இருந்தது. யாழ்ப்பாணத்தார் நாங்கள், தென்னையும் பனையும் உக்குவதைக் கண்டவர்கள். பாலையும் அப்படித்தான் ஒரு மாரியோடு உக்கிவிடும் என்று நினைத்து, வெட்டின கட்டையைத் தோண்டாமல் அதன்மேல் மண் போட்டு வீடு கட்டிக்கொண்டோம். அந்தக் குடியேற்றத்தில் எத்தனை வீட்டுக்குக் கீழே எத்தனை பாலைக் கட்டை இருந்ததோ, தெரியாது. தலைவர் வீட்டுக் கட்டை சுவருக்கு இங்காலும் அங்காலுமாக, பாதி குசினிக்குள்ளும் பாதி பிள்ளையாருக்குக் கீழேயும் இருந்தது.

“குழாய் எங்கை?” என்றார் தலைவர்.

மரியநேசன் அலவாங்கைச் சுவரில் சாத்திவைத்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார். அவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் சொல்லவேண்டி வந்ததே என்று அவருக்கு இருந்திருக்கும்.

“நேரை கொண்டுபோகத்தான் பாத்தனான். உந்தக் கட்டை விடேல்லை. ரெண்டு கோடாலி வாய் மழுங்கிப் போச்சு. நீங்கள் அதுக்குள்ளை ஊரெல்லாம் நூல் பிடிச்சமாதிரிப் போகுது எண்டு சொல்லிப்போட்டியள். பேந்து நான் என்னெண்டு உங்களுக்கு வளையுது எண்டு சொல்லுறது? சுவரோடை வளைச்சு மற்றப் பக்கத்தாலை கொண்டுபோனனான்.”

“மற்றப் பக்கமெண்டால்?”

“உங்கட படுக்கையறை. கட்டில் தலைமாட்டுக்குக் கீழாலை போய், பேந்து வாழையடி.”

ஐயாத்துரை வெற்றிலையைத் துப்ப எழுந்து வெளியே போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. வெளியே அவர் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு குலுங்கியதை அன்னபாக்கியம் கண்டிருக்கிறார்.

தலைவரோ சிறிது நேரத்தில் நிமிர்ந்துவிட்டார். அவர் அப்படித்தான், விழுந்த இடத்தை மேடையாக்கிக்கொள்ளத் தெரிந்தவர். இதிலிருந்து தெரிவது என்னவென்றால், பிள்ளையாருக்கு எக்காலத்திலும் ஒரு குறையும் நேரவில்லை. இறைவன் தானே கட்டையை வைத்துத் தன்னைக் காத்துக்கொண்டார். ஆகவே பைப் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், கிடங்குகளை மூடலாம், இன்றைக்கே அடுப்பை இங்கே மூட்டலாம் என்றார். மரியநேசனும் சுறுசுறுப்பாகச் சீமெந்து குழைக்க ஆயத்தமானார். கூட்டமும் கலைகிற நிலையில் இருந்தது. நியாயம் பிடிபட்டுவிட்டது, மீன் தண்ணீர் பிள்ளையாருக்குக் கீழால் போகவில்லை. இனி நாகேஸ்வரியக்கா மறுக்க என்ன இருக்கிறது?

அவர் கோடிப்பக்கக் கதவடியில் நின்றார். வலது கையை இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

“பிள்ளையாருக்குக் குறையில்லை எண்டது நல்லது,” என்றார். “அவரின்ர கதை முடிஞ்சுது. இனி என்ர கதையைச் சொல்லுறன். மூடாதை தம்பி, கொஞ்சம் பொறு.”

மரியநேசன் மண்வெட்டியை வைத்துவிட்டார்.

“நான் பிறந்து வளந்த காலத்திலையிருந்து நிலத்திலை பலகை போட்டு இருந்துதான் மீன் வெட்டுறன். இருந்துதான் தேங்காய் துருவுறன், இருந்துதான் அரிசி கொழிக்கிறன். நீங்கள் தண்ணியைக் கொண்டுபோய் நெஞ்சளவிலை வைச்சிருக்கிறியள். ஒரு மீனுக்கு எத்தினை தரம் இருந்தெழும்புறது? உந்தச் சுவரடியிலை வெளிச்சம் இல்லை. செதில் போச்சோ இல்லையோ எண்டு தடவித்தான் பாக்கோணும். றோட்டாலை போற ஆக்களெல்லாம் என்ர முதுகைப் பாத்துக்கொண்டு போவினம். தண்ணி நான் இருக்கிற இடத்துக்கு வரோணும். அது பைப்புக்குக் கஷ்டமெண்டால் எனக்குக் கிணறு போதும், கிணறு ஏலாதெண்டால் வேலணை போதும்.”

பெரிய குரலில் சொல்லவில்லை. சோளகம் ஓட்டுக்கு மேலால் போகிற சத்தத்துக்குள் அது கேட்டதே ஆச்சரியம்.

“உதை அப்பவே சொல்லியிருக்கலாமே,” என்றார் தலைவர்.

“எனக்கெண்டு கேட்டிருந்தால் உடைச்சிருப்பியளோ? பிள்ளையாருக்கெண்டபடியாலைதான் உடைச்சனீங்கள்.”

தலைவர் வாயைத் திறந்தார். நாங்கள் ஒரு பதிலுரையை எதிர்பார்த்தோம். அவரிடம் எதற்கும் பதிலுரை இருக்கும். தலைமையுரையும் நன்றியுரையும் இருக்கும். அவர் ஐயாத்துரையைப் பார்த்தார். அந்த மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வீட்டிலும் குடம் சுமக்கிற ஒருத்தி இருந்தார். அன்னபாக்கியம் அந்த நேரம் அதே வாசலில்தான் நின்றார். தலைவர் பித்தளைப் பைப்பைப் பார்த்தார். பிறகு மனைவியின் தோளைப் பார்த்தார். அந்தத் தோளை அவர் அப்படிப் பார்த்தது அதற்கு முன் எப்போது என்று சொல்ல ஒருவருமில்லை.

“அவ சொல்லுற இடத்திலை போடு, மரியநேசன்,” என்றார்.

நாகேஸ்வரியக்கா எந்த இடம் என்று வாயால் சொல்லவில்லை. உள்ளே வந்து, கிழக்குப் பக்கச் சன்னலுக்குக் கீழே, பின்கதவுக்குக் கிட்ட, ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். மீன் வெட்டுகிறபோது இருக்கிறமாதிரிக் காலை மடித்து வைத்துக்கொண்டார். பிறகு நோகாத கையை முன்னால் நீட்டினார். மரியநேசன் அடுப்புக்கரித் துண்டெடுத்து, அந்தக் கை நின்ற உயரத்தில் சுவரில் ஒரு புள்ளடி போட்டார். நேவியில் அளக்கிற விதம் வேறாக இருந்திருக்கலாம்.

அந்தப் புள்ளடியை நோக்கி நாலாவது கிடங்கு போனது. இந்தமுறை கடலோரத்து வீம்பு மரியநேசனுக்குத் திரும்பிவிட்டது. வெள்ளைக்காரத் துரை ஒருவரும் இப்படித்தான் தன் மனைவியை இருத்தி அளந்தவர் என்று ஒரு கதை தொடங்கினார். யாரும் நம்பவில்லை, ஆனால் எல்லோரும் கேட்டோம். அவருக்கும் வேலை ஓடவேண்டும், எங்களுக்கும் பொழுது போகவேண்டும். ஐயாத்துரை சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு உடைந்த கொங்கிறீற்றை வெளியே சுமந்தார். தலைவரின் கட்டில் அன்று மத்தியானமே விறாந்தைக்கு வந்துவிட்டது. சோளகத்தில் படுப்பது தேகத்துக்கு நல்லது என்று அவர் காரணம் சொன்னார். அன்னபாக்கியம் தன் வீட்டிலிருந்து தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்தார். இந்தமுறை வேலிப் பொட்டால் வந்தார். வரும்போது ஐயாத்துரையிடம், எங்கட வீட்டிலை எப்ப அளக்கிறது என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போனார். ஐயாத்துரை கொங்கிறீற்றோடு வெளியே நடந்தார்.

பழைய பைப் கழன்ற இடத்தில் சுவரில் ஒரு ஓட்டை மிஞ்சியது. கிடங்குகளை மூடியபோது பழைய சிவப்புச் சாயம் போதவில்லை. புதுச் சீமெந்து சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. பூரான் கிடங்கு, பூரானில்லாத கிடங்கு, கட்டைக் கிடங்கு, கடைசிக் கிடங்கு என்று அந்த மினுங்குகிற நிலத்தில் சாம்பல் பட்டைகள் ஓடின. பிற்காலத்தில் வந்தவர்களுக்குத் தலைவர் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பொறியியல் விளக்கம் வைத்திருந்தார். நாங்கள் பக்கத்தில் இருந்தாலும் திருத்தவில்லை. அந்த வீட்டில் சாப்பிட்ட மீன் குழம்பு எங்கள் வாயை அடைத்திருந்தது.

சீமெந்து காய்ந்து தண்ணீர் விட்ட நாளில் விழா இல்லை. விதானையாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. பின்னேரம் மீன்காரன் வந்து போயிருந்தான். நாகேஸ்வரியக்கா பலகையில் இருந்து, கத்தியைக் காலால் மிதித்துக்கொண்டு, சட்டியைப் பக்கத்தில் வைத்துப் பைப்பைத் திறந்தார். கையை உயர்த்த வேண்டியிருக்கவில்லை, நீட்டினால் போதும். தண்ணீர் மீன்மேல் விழுந்து, செதிலை அள்ளிக்கொண்டு, தாழ்ந்த சீமெந்துக் கட்டுக்குள்ளால் ஓடிப் பின்வளவுக்குப் போனது. சன்னலால் வந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிந்தது. வேலணைப் பேச்சு அதன்பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

தலைவர் சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். தோளில் சால்வை. மனைவி ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்; நாகேஸ்வரியக்கா அடுத்த மீனை எடுத்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எங்களுக்குத் தெரிந்த செருமல்தான், கூட்டங்களில் அதற்குப் பிறகு அரைமணித்தியாலம் போகும். ஆனால் வந்தது ஒரு சொல்.

“எப்பிடி?”

நாகேஸ்வரியக்கா தலையை நிமிர்த்தவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கிறியள்.”

தலைவர் தள்ளி நின்றார். எங்கள் வாய்க்கால் பக்கத்தில் சொன்ன உடனே ஒரு தலைவர் தள்ளி நின்றதை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம்.